சஹர் தப்பிய நாள்

தூக்கம் வரவில்லை என்று வெளியில் சொன்னால் போதும், ஊரில் அத்தனை பேரும் டாக்டராகிவிடுவார்கள். எங்களுக்கெல்லாம் அக்கா முறையான எதிர்வீட்டு ஷரீபா பீவி லாத்தா கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு நஸீமா சாதிக்காயை உரசித் தந்தாள். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்க்கச் சொன்னார் ஒருவர், கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார் இன்னொருவர். எல்லாவற்றையும் செய்தேன். கசகசாப் பாலில் மிச்சத்தைக் குடித்த என் வீட்டுக்காரர் முகம்மது மைதீனுக்கு நல்ல தூக்கம் வந்தது. அவருக்கு அது இல்லாமலே வரும். பஜாரில் பாத்திரக்கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட்டால், நான் தட்டைக் கழுவி வைப்பதற்குள் குறட்டை கேட்கும்.

எனக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. அறுத்தார்கள், கீமோ ஏற்றினார்கள், கரண்டு என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சும் வைத்தார்கள். மேலப்பாளையத்தில் எங்கள் முடுக்கு, இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போகவேண்டிய அகலம். அதில் ஒரு வீட்டில் தாளிப்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். என் நோயும் அப்படித்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

கீமோ நாட்களில் தூக்கம் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. மருந்து ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அதைப் போட்டால் ராத்திரி முழுக்க அலமாரியை இறக்கி அடுக்கலாம் போலிருக்கும். மருந்து நின்றால் சரியாகிவிடும் என்றார்கள். மருந்து நின்றது. தலையில் முடி முளைத்தது, நாக்கில் உப்பும் புளியும் தெரிந்தது, நகத்தில் ஏறிய கறுப்புகூட இறங்கியது. தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. இப்போது தினமும் போடவேண்டிய மாத்திரை ஒன்று இருக்கிறது, வருடக்கணக்கில் போடவேண்டியது. அது ராத்திரியில் உடம்பைத் திடீரென்று அடுப்பங்கரையாக்கிவிடும். வேர்த்து நனைந்து எழுந்தால் அதற்குப் பிறகு விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டியதுதான்.

சும்மா கிடந்தால்கூடப் பரவாயில்லை. கை தானாகப் போய் மிச்சமிருக்கும் மார்பைத் தடவிப் பார்க்கும். அக்குளைப் பார்க்கும், கழுத்தைப் பார்க்கும். ஒரு கல்யாண வீட்டில், ஒரே சஹன் தட்டில் என்னோடு சாப்பிட உட்கார்ந்த சொந்தக்காரி ஒருத்தி, நல்ல கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே, "தூக்கம் கெட்டா அந்த நோவு திரும்ப வந்துருமாமே" என்றாள். கறியையும் கொடுத்து இதையும் கொடுத்தாள். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். தூங்காவிட்டால் நோய் திரும்பி வரும். வரும் என்று பயந்தால் தூங்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் ராத்திரிகளைத் தள்ளினேன்.

பாளையங்கோட்டையில் டாக்டர் ஸ்வீட்லினிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரும்மா அப்படிச் சொன்னது? தூக்கம் இல்லன்னா சோர்வு வரும், எரிச்சல் வரும். நோய் திரும்பிரும்னு நெனச்சு நீங்க பயப்பட வேண்டாம். ஆனா தூக்கத்தைச் சரி பண்ணியே ஆகணும். பண்ணலாம்."

அவர் சொன்ன வழிமுறை பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. தூக்கம் கண்ணைக் கட்டினால்தான் கட்டிலுக்குப் போகவேண்டும். படுத்தும் வரவில்லையென்றால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து, சலிப்பூட்டும் வேலை எதையாவது செய்யவேண்டும். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடவேண்டும். பகலில் சாயக்கூடாது. மதியத்துக்கு மேல் டீ கூடாது. டீ கூடாது என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை பாடு பட்டவளுக்கு ஒரு டீயையும் பிடுங்கவேண்டுமா என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். டீயை மட்டும் திருப்பித் தரவில்லை.

சலிப்பூட்டும் வேலை என்று வெள்ளைப்பூண்டு உரித்தேன். எங்கள் வீட்டுப் பூண்டு தீர்ந்ததும் முடுக்கிலிருந்த மற்ற வீட்டுப் பூண்டெல்லாம் என்னிடம் வர ஆரம்பித்தது. கேட்டால், "நீ சும்மாதான இருக்கே" என்பார்கள். கொஞ்சம் கண் அசரும் நாளும் உண்டு. ஆனால் தூக்கம் வருகிறதா வருகிறதா என்று நான் உற்றுப் பார்ப்பேனா, வந்ததும் ஓடிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் நோன்பு மாதம் வந்தது. இந்த வருடம் நோன்பு வேண்டாம், உடம்பு எடை ஏறட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்க்கத்திலும் நோயாளிக்கு விலக்கு உண்டு, யாரும் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. ஆனால் பெண்களுக்கென்று உள்ள நாட்கள் போக ஒரு நோன்பும் விட்டவளில்லை நான். கீமோ முடிந்த உடம்போடு முதல் பிறை பார்க்க மாடிக்கு ஏறினேன். பார்த்துவிட்டு வந்து அடுப்படியில் நின்று அழுதேன். மொட்டைத் தலைக்குக்கூட நான் அப்படி அழுததில்லை.

அந்த நேரம் பார்த்து நஸீமா வந்தாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"மாமி, நீங்க முழிச்சுத்தான கெடக்கிய. சஹருக்கு எனக்கு ஒரு போன் போட்டு உடுங்களேன். அலாரத்தை அணைச்சுப்போட்டு இவிய ஒறங்கிருதாவ, நானும் ஒறங்கிருதேன்."

"என் சீக்கு ஒனக்கு அலாரமாளா?" என்றேன்.

அவள் முகம் சுண்டிவிட்டது. "தப்பா சொல்லிட்டேன் மாமி" என்று திரும்பிப் போய்விட்டாள்.

அவள் போனபிறகு யோசித்தேன். சஹர் என்பது விடியலுக்கு முன்னால் சாப்பிடும் சாப்பாடு, அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கவேண்டும். முன்பெல்லாம் கொட்டடித்து எழுப்பிக்கொண்டு போக ஆள் வருவார், இப்போது வருவதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கி பெரிய தெருவைப் பார்த்து இருக்கிறது. ஆளுக்கொரு மின்விசிறியை ஓடவிட்டுப் படுத்தால், அதிகாலைத் தொழுகைக்கு உரக்கச் சொல்லும் பாங்குதான் காதில் விழும், சஹர் அறிவிப்பு விழாது. நஸீமாவின் புருசன் சல்மான் ஃபாரிஸுக்குக் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை. காலை ஷிப்டுக்கு வெறும் வயிற்றோடு போனால் என்னத்துக்கு ஆவான். நல்லதுக்குத் துணை நிற்கிறவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று மார்க்கப் பயான் பேச்சில் கேட்டிருக்கிறேன். எனக்கு நோன்புதான் இல்லை, பங்காவது இருக்கட்டும் என்று அன்றைக்கே நஸீமாவுக்குப் போன் போட்டேன்.

மறுநாள் ஷரீபா லாத்தா தனக்கும் போடச் சொன்னார். அப்புறம் கடைசி வீடு, அதற்கடுத்து மாடி வீடு என்று முடுக்கு முழுக்க என் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஷரீபா லாத்தா எடுத்தவுடன், "என்ன ஆணம் வச்சிருக்கே?" என்று குழம்பை விசாரிப்பார். மாடி வீட்டில் எடுக்கவே மாட்டார்கள். அவர்களுக்குக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் கம்பியில் தட்டுவேன். வீட்டுக்கு வீடு விளக்கு எரிவதையும் தண்ணீர்க் குழாய் திறப்பதையும் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். நோய் வந்ததிலிருந்து நான் எல்லாரிடமும் வாங்கிக்கொண்டே இருந்தவள். இப்போது என் கையிலிருந்தும் ஏதோ போகிறது என்பது எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. தூக்கம் வருகிறதா என்று பார்க்கக்கூட மறந்துவிட்டேன். முழித்திருப்பது இப்போது உத்தியோகம் அல்லவா.

ஒன்றை நான் கவனிக்கவில்லை. என்னை நம்பி முடுக்கில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அலாரம் வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பாதி நோன்பு கழிந்திருக்கும். அன்று சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வாங்கி நாலு வீட்டுக்கு ஊற்றிக் கொடுத்து, ராத்திரி பெண்கள் மதரஸாவில் தராவீஹ் தொழுகையையும் முடித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கண் சொக்கியது. எனக்கு முதலில் அது என்னவென்றே புரியவில்லை, தலை சுற்றுகிறதோ என்று பயந்தேன். பிறகுதான் தூக்கம் என்று தெரிந்தது. எனக்குக் கோபமான கோபம். ஒரு வருடமாக வா வா என்று கெஞ்சியபோது எங்கே போயிருந்தாய், இப்போது ஊரை எழுப்பவேண்டிய நேரத்தில் வந்து நிற்கிறாயே, சஹர் முடிந்து வா என்று வாய்விட்டே சொன்னேன். எழுந்து முகத்தைக் கழுவினேன். கொஞ்சம் இடுப்பைச் சாய்ப்போம், கண்ணை மூடவேண்டாம் என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு படுத்தேன்.

கண்ணைத் திறந்தபோது சுவரில் வெயில் அடித்தது.

தலையணையில் எச்சில் வடிந்திருந்தது. உடம்பு காய்ச்சல் விட்ட மறுநாள் மாதிரி லேசாக இருந்தது. எந்த ஊர், என்ன கிழமை என்று ஒன்றும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தலையில் இறங்கியது. யா அல்லாஹ் என்று எழுந்து உட்கார்ந்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கடை திறக்கும் நேரம் தாண்டியிருந்தது.

"பொழுது விடிஞ்சு கெடக்கு, என்னைய ஏன் எழுப்பல?" என்றேன்.

"எழுப்ப மனசு வரல."

"போன் எங்க?"

"நான்தான் அணைச்சு வச்சிருக்கேன். ஒன் கையை விட்டு எடுக்கதுக்குள்ள போதும் போதும்னு ஆயிட்டு." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "பாங்கு சத்தத்துல முழிச்சேன். பாத்தா நீ அசையாமக் கெடக்கே. பேரைச் சொல்லிக் கூப்புட்டேன், அசையல. பயந்துட்டேன், ஆபிதா. மூக்குல கையை வச்சுப் பாத்தேன்."

இந்த மனிதர் அறுவைசிகிச்சை அன்றுகூட என் எதிரில் கலங்கியதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குறட்டை விட்டார் என்று இன்றுவரை அவரைக் குத்திக்காட்டிக்கொண்டிருக்கிறேன்.

"மூச்சு வந்துச்சு. கொறட்டையும் வந்துச்சு" என்றார்.

"எனக்குக் கொறட்டை கெடையாது."

"நேத்து இருந்துச்சு."

"நம்ம முடுக்குல யாரும் சஹர் செஞ்சாவளா?"

"ஒருத்தரும் செய்யல. நானும்தான்."

தலையில் அடித்துக்கொண்டேன். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். எந்த வீட்டில் எந்தப் பேச்சு கேட்கவேண்டியிருக்குமோ. பிள்ளைக்காரிகள், வேலைக்குப் போகிறவர்கள், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் எல்லாரையும் பட்டினி போட்டுவிட்டு நான் கால் நீட்டித் தூங்கியிருக்கிறேன்.

முடுக்கில் சத்தமே இல்லை. அந்த நேரத்தில் அப்படி இருக்காது. எதிர்வீட்டு வாசலில் ஷரீபா லாத்தா இடுப்பில் கையை வைத்து, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளை மறித்துக்கொண்டு நின்றார். அந்த ஆள் சிலிண்டரை உருட்டவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் விழித்தார். என்னைப் பார்த்ததும் லாத்தாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

"முழிச்சுட்டா. இனி உருட்டிட்டுப் போ வே" என்றார் அந்த ஆளிடம்.

சிலிண்டர் கல்தரையில் கணகணவென்று உருண்டது. அந்தச் சத்தம் கேட்டு வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. நஸீமா ஓடி வந்தாள். அவள் இடுப்பில் பிள்ளை இல்லை.

"பிள்ளை எங்கேளா?" என்றேன்.

"அழுதா சத்தம் கேக்குமேன்னு உம்மா வீட்டுல கொண்டு விட்டுட்டேன் மாமி."

அப்புறம்தான் நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பாங்கு சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்தில் முழித்திருக்கிறார்கள். சஹர் போச்சே என்று யாருக்கும் முதலில் தோன்றவில்லை. ஆபிதாவிடமிருந்து போன் வரவில்லை, அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியிருக்கிறது. அத்தனை பேரும் எங்கள் வாசலுக்கு ஓடி வந்திருக்கிறார்கள். கதவைத் தட்டப் போகும்போது என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, விரலை உதட்டில் வைத்து, "அவ தூங்குதா" என்றாராம்.

"அதைக் கேட்டு ஒருத்தரும் வாயைத் தெறக்கல" என்றார் லாத்தா. "இந்தா நிக்காளே நஸீமா, இவ ஏங்கி ஏங்கி அழுதா. சத்தம் வருமேன்னு நான்தான் வாயைப் பொத்தி இங்கன இழுத்துட்டு வந்தேன். இவ புருசன் பைக்கை ஸ்டார்ட் பண்ணாம, பைய மெயின் ரோடு வரைக்கும் உருட்டிக்கிட்டே போனான். பால்காரன்ட்ட சொல்லியாச்சு, மாடி வீட்டுல மிக்ஸி போடல."

"எல்லாரையும் பட்டினி போட்டுட்டேனே லாத்தா" என்றேன்.

"சஹர் இல்லாட்டி நோன்பு கூடாமயா போவும்? நோன்பு வைக்கோம்னு நிய்யத்து ராத்திரியே தராவீஹ்ல வச்சாச்சு. ஒரு நாள் வயிறு காஞ்சா காயட்டும். அதை உடு." அவர் என் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "நல்லாத் தூங்குனியாளா?"

ஒரு வருடமாக எல்லாரும் என்னிடம் தூக்கம் வந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். வரவில்லை என்ற பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டே கேட்பார்கள். அன்று அவர் கேட்டது அப்படி இல்லை.

"நல்லாத் தூங்குனேன் லாத்தா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. நடு முடுக்கில் நின்று, கேஸ்காரர் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன். பட்டினியாய் நின்ற பெண்கள் என்னைச் சுற்றி நின்று சிரித்தார்கள். கை மார்புக்குப் போகவேயில்லை என்பது மதியம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கஞ்சியும் வடையும் எடுத்துக்கொண்டு நஸீமா வீட்டு வாசலில் போய் நின்றேன். சல்மான் ஃபாரிஸ் ஷிப்டு முடிந்து வாடி வதங்கி உட்கார்ந்திருந்தான்.

"மத்தியானம் மெசின் ரெண்டாத் தெரிஞ்சுது மாமி" என்றான். "பரவால்ல. ஆனா இனி நீங்க யாருக்கும் போன் போடாண்டாம். நாங்க அலாரம் வச்சுக்கிடுதோம். நீங்க தூங்குங்க."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "நோன்புதான் எனக்கு இல்ல. இருக்க ஒரு பங்கையும் நீ பிடுங்கப் பாக்கியாலே" என்று கேட்டேன். அவன் பயந்து நஸீமாவைப் பார்த்தான். கடைசியில் நஸீமாதான் தீர்ப்புச் சொன்னாள். எல்லாரும் அலாரம் வைப்பார்கள். நான் முழித்திருந்தால் நான் போன் போடலாம். குறித்த நேரத்துக்குள் என்னிடமிருந்து வராவிட்டால், அவள் எனக்குப் போன் போடுவாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. போன கழுதை ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு போனை எடுத்தேன். நஸீமா எடுத்தவுடன், "நீங்களா மாமி?" என்றாள், குரலில் சுரத்தே இல்லை. ஷரீபா லாத்தா, "சீ, நீயா, தூங்கலியா?" என்று கேட்டுவிட்டு ஆணத்தைப் பற்றிக் கேட்காமலே வைத்துவிட்டார். என் குரலைக் கேட்டு முடுக்கே ஏமாந்துபோனதை நினைத்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் பயம் வரவில்லை. தூக்கம் வழி தெரிந்துகொண்டது, இன்னொரு நாள் வரும் என்று தோன்றியது.

அந்த வாரம் டாக்டர் ஸ்வீட்லினைப் பார்க்கப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். அவர் வெளியில் காத்திருக்கும் கூட்டத்தையும் மறந்து கன்னத்தில் கையை வைத்துக் கேட்டார்.

"நீங்க அதைத் துரத்துறதை விட்டீங்க, அது வந்துச்சு" என்றார். "எல்லா நாளும் வராதும்மா. வராத நாள்ல வருத்தப்படாதீங்க, எழுந்து உக்காந்துருங்க. ஆனா நீங்க தூங்கத் தெரியாத ஆள் இல்லன்னு இப்ப உங்களுக்கே தெரிஞ்சு போச்சுல்ல?"

டீயைப் பற்றி மறுபடி கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு சில ராத்திரிகள் அரைகுறையாகக் கண் அசந்தது, சில ராத்திரிகள் வேர்வையோடு போனது. கடைசிப் பத்து நோன்பில் ஒரு நாள், எங்கேயோ தூரத்தில் ஏதோ அடித்துக்கொண்டே இருந்தது. யார் வீட்டுச் சத்தம் இது, எடுத்துத் தொலைக்கக்கூடாதா என்று எரிச்சலோடு புரண்டேன். அடித்தது என் போன்தான்.

"மாமி, எந்திரிங்க. நேரம் ஆயிட்டு" என்றாள் நஸீமா.

நோய் வந்ததிலிருந்து என்னை யாரும் எழுப்பியதில்லை. எழுப்புவதற்கு நான் தூங்கியிருந்தால்தானே.

"ஒரு அஞ்சு நிமிசம் புள்ள, கண்ணைத் தொறக்க முடியல" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் போனை வைக்காமலே சல்மான் ஃபாரிஸிடம், "மாமிக்குக் கண்ணைத் தொறக்க முடியலியாம்" என்று கல்யாணச் செய்தி மாதிரிச் சொல்வது கேட்டது. நான் திரும்பிப் படுத்தேன்.